நாலாவது ஓட்டை

பிரபு, இதை நம் கடை ஜெராக்ஸ் மிஷின் கசக்கித் துப்பிய காகிதங்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மறுபக்கத்தில் யாரோ ஒருவருடைய ஜாதகமும் வேறு யாரோ ஒருவருடைய வாடகை ஒப்பந்தமும் பாதி பாதியாக இருக்கும். அதையெல்லாம் படித்துக்கொண்டு உட்காராதே. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் நான் நாலு வரிக்கு மேல் எதை அனுப்பினாலும் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். காகிதத்தில் அந்த வசதி கிடையாது. சுகன்யா கையில் கொடுத்துவிடுகிறேன். நீ உட்கார்ந்து முழுக்கப் படித்தாயா இல்லையா என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் நிதானமாகப் பேசலாம். போன புதன்கிழமை உன் பெண்டாட்டி சுகன்யா நாவலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி இறங்கி, கடைக்கே வந்துவிட்டாள். வந்ததும், “அத்தை, நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க” என்றாள். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தச் சத்தியம் இந்த வரியோடு போயிற்று. உன்னை இரண்டு வருஷம் ஜெர்மனிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்களாம், அவளையும் அழைத்துப் போகலாமாம், நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாம். நல்லவேளை, உன் மேனேஜர் திங்கட்கிழமை வரை யோசித்துச் சொல் என்று விட்டுவைத்திருக்கிறார். காரணம் என்ன எழுதினாய்? ‘டிபென்டன்ட் மதர்.’ பிரபு, ஊரில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட் ஃபாரம் பூர்த்தி செய்து கொடுக்கிறவள் நான். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரியும். உனக்குப் பல் முளைக்கும் முன்பிருந்தே காலையில் கடை திறக்கிறவள், யாருக்கு டிபென்டன்ட்? அதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அது நீ ஆபீசுக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணத்தை சுகன்யாவிடமிருந்து நோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. “ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு யாரு சேர் கட்டுவாங்க? நான் போயிட்டா அவங்க குண்டு எறியறதையே விட்டுடுவாங்க” என்று சொன்னாயாம். இதைக் கேட்டதும் என் கோபம் பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீ அமெரிக்கா போ, அண்டார்டிகா போ, அது உன் இஷ்டம். பிடிக்கவில்லை என்றால் போகாமலும் இரு. என் நாற்காலியைக் காரணம் காட்டிப் போகாமல் இருக்கக் கூடாது. அதற்குத்தான் இவ்வளவு காகிதம்.

நான் விளையாட வந்த கதையை நீ மைக் கிடைத்த இடத்திலெல்லாம் மாற்றிச் சொல்கிறாய். உன் கல்யாண ரிசப்ஷனில்கூட, “எங்க அம்மாவுக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஸ்போர்ட்ஸ்னா வெறி” என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். சுத்தப் பொய். நான் பிரியாணிக்காகப் போனேன். ஸ்டேஷன் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த எனக்கு, எல்லோர் கையிலும் செல்போன் வந்தபிறகு ஈ ஓட்டுவதுதான் வேலையாக இருந்தது. அப்போது என் சிநேகிதி ஸ்டெல்லா, அவளும் என்னைப் போலக் காலில் இரும்பு மாட்டி நடக்கிறவள்தான், சேலையூரிலிருந்து வந்து, “மாற்றுத்திறனாளிகளுக்குப் போட்டி வெக்கிறாங்களாம்டி, மத்தியானம் பிரியாணியாம், சும்மா வா” என்றாள். உனக்கு அன்று பள்ளிக்கூடம் லீவு. உன்னையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு இரும்புக் குண்டைக் கொடுத்து, கழுத்தோடு ஒட்டிவைத்துத் தள்ளச் சொன்னார்கள். நாற்காலி நகராமல் இருக்க நீ பின்னால் உட்கார்ந்து அதன் கால்களைப் பிடித்துக்கொண்டாய். நான் தள்ளினேன். குண்டு ஒரு பக்கம் போனது, நாற்காலி பின்பக்கம் வழுக்கி நானும் அதுவுமாக உன்மேல் விழுந்தோம். மைதானமே சிரித்தது. நீயும் சிரித்தாய், மூக்கில் மண்ணோடு. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. மூன்று வயதில் காய்ச்சல் வந்து இரண்டு கால்களும் போனதிலிருந்து எனக்கு முன்னால் எல்லாமே போய்க்கொண்டிருந்தன. பஸ், ரயில், கூடப் படித்த பெண்கள், எல்லாம். என்னிடமிருந்து கிளம்பி எனக்கு முன்னால் ஒரு பொருள் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்ச தூரம்தான் போனது. ஆனாலும் அது போனது. அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று இருந்தது. பிரியாணியில் கறியே இல்லை, வெறும் குஸ்கா.

அதற்குப் பிறகுதான் நம் பச்சை நாற்காலி வந்தது. சுகன்யாவும் இதைப் படிப்பாள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். உன் அப்பா, பெருங்களத்தூரில் வீட்டு கேட் செய்கிற வெல்டரிடம் சொல்லி அதைச் செய்துவந்தார். யார் வீட்டு கேட்டுக்கோ வாங்கி மிஞ்சிய பெயின்ட் அது. முன்னால் ஒரு கம்பி, இடது கையால் பிடித்துக்கொள்ள. நாலு மூலையிலும் கொக்கி. தன் குட்டி லாரியில் பீரோ, கட்டில் கட்டுகிற லோடு பெல்ட்டில் நாலை எடுத்துக் கொடுத்தார். அதைக் கொக்கியில் மாட்டி, தரையில் அடித்த முளையோடு இழுத்துக் கட்டினால் நாற்காலி அசையாது. அப்புறம் என்னை நாற்காலியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்குத் தொடைக்கு மேல் ஒரு தோல் பெல்ட், மார்க்கெட்டில் செருப்பு தைக்கிறவர் செய்து கொடுத்தது, ஐந்து ஓட்டை போட்டு. உட்கார்ந்து எறிகிறவர்களுக்கு முக்கியமான சட்டம் ஒன்றுதான், சுகன்யா. எறியும்போது உட்கார்ந்த இடத்தைவிட்டு இடுப்பு எழும்பக் கூடாது. எழும்பினால் சிவப்புக் கொடி, அந்த எறி செல்லாது. இன்னொன்றும் உண்டு. கட்டுகிறவர் கட்டிமுடித்துக் கோட்டுக்கு வெளியே போன பிறகுதான் நடுவர் எறியவே சொல்வார்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது நீ கட்ட ஆரம்பித்தாய். உனக்கு அப்போது மீசை அரும்பிய வேகம். பல்லைக் கடித்துக்கொண்டு பெல்ட்டை நாலாவது ஓட்டையில் கொண்டுபோய் மாட்டுவாய். எனக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. ரத்த ஓட்டம் குறைவான கால் அது. தோல் உரிந்து புண்ணாகி, ஆறுவேனா என்று வாரக்கணக்கில் அழிச்சாட்டியம் செய்தது. மருந்து கட்டிய நர்ஸ், “யாரு இப்படிக் கட்டினது, மாட்டைக் கட்டற மாதிரி?” என்று சத்தம் போட்டபோது நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து நீ சாப்பிடவில்லை. கேட்டால் பரீட்சை டென்ஷன் என்றாய். புண் ஆறியதும் ஸ்டெல்லா புதிய பெல்ட் வாங்கி, உள்பக்கம் கெட்டியாக ஸ்பான்ஜ் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை.

பஞ்சு மெத்தைக் கதையையும் எழுதிவிடுகிறேன், சுகன்யாவுக்கு நீ நிச்சயம் சொல்லியிருக்க மாட்டாய். மதுரைப் போட்டிக்குக் கிளம்புகிற சமயம். உன் அப்பா, நான் கெட்டிப் பலகையில் உட்காருகிறேனே என்று உருகிப்போய், யாரிடமும் சொல்லாமல் என் நாற்காலி மெத்தையை எடுத்துக்கொண்டு போய்ப் புது இலவம் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்துவிட்டார். மெத்தை கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி புஸ்ஸென்று இருந்தது. மைதானத்தில் நாற்காலியை அளந்தவர் தலையை ஆட்டினார். மெத்தையோடு சேர்த்து இவ்வளவுதான் உயரம் என்று கணக்கு உண்டு, நம்முடையது தாண்டிவிட்டது. இறக்கினால்தான் விடுவேன் என்றார். நீ மெத்தையைப் பிடுங்கி, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, பஞ்சைக் கைப்பிடி கைப்பிடியாக வெளியே எடுத்தாய். காற்று வேறு. பக்கத்தில் வட்டு எறிந்துகொண்டிருந்தவர்கள்மேல் எல்லாம் பஞ்சு. உன் தலை முழுக்கப் பஞ்சு. அந்தப் பாதி மெத்தைமேல் உட்கார்ந்து எறிந்துதான் நான் வெண்கலம் வாங்கினேன். ரயிலில் திரும்பி வரும்போது நீ அப்பாவைப் பார்த்து, “இனிமே நீ அம்மா சேர் பக்கமே வரக்கூடாதுப்பா” என்றாய். அவரும், “செரிடா, வர்ல” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொன்ன சொல்லை மனுஷன் இத்தனை வருஷம் காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்காலியை வண்டியில் ஏற்றுவார், கல்லூரி மைதானத்தில் இறக்குவார், அப்புறம் டீக்கடைக்குப் போய்விடுவார்.

ஆக, கட்டுவது முழுக்க உன் வேலையாயிற்று. நீ காலேஜ் படித்தபோதும், சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், கல்யாணமான மறுவாரமும்கூட, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வந்து முட்டி போட்டு உட்கார்ந்துவிடுவாய். நாலு மூலையும் கட்டுவாய். பெல்ட்டை மாட்டுவாய். “வலிக்குதாமா?” என்று கேட்பாய். எழுந்து போகும்போது என் உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாய். நான் எறிவேன். பயிற்சியில் எவ்வளவோ தடவை ஏழு மீட்டர் கோட்டைத் தொட்டிருக்கிறேன். போட்டி என்று வந்தால், நல்ல எறி எதுவோ அதற்குத்தான் சிவப்புக் கொடி தூக்குவார்கள். “அக்கா, எழும்புறீங்க, எழும்புறீங்க” என்று தேவா மாஸ்டர் தொண்டை வற்றக் கத்துவார். அவர் நமக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து அதே வசனம். நானும் எழும்பாமல் இருக்கப் பார்த்துப் பார்த்து, பலத்தைக் குறைத்து எறிந்து, பாதி வழியில் விழுகிற குண்டைப் பார்த்து எரிச்சலாகி வீட்டுக்கு வருவேன். வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று போன பொங்கலுக்கு உன்னிடம் சொன்னேன் அல்லவா, அதைத்தான் நீ பிடித்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன்.

போன மாதம், மாநில அணிக்கு ஆள் எடுக்கும் மாவட்டத் தேர்வுப் போட்டியன்று உனக்கு ஆபீசில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸ். “மா, சத்தியமா வர முடியாதும்மா, மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன், அவரு கட்டுவாரு” என்று போன் செய்தாய். மாஸ்டரை அன்றைக்குப் பார்த்து, சின்னப் பிள்ளைகளின் ஓட்டப் பந்தயத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் பெயரைக் கூப்பிட்டாயிற்று. டீக்கடையிலிருந்து உன் அப்பா வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். வந்தவர் கொஞ்ச நேரம் கோட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

“இன்னாமே, ஆள் இல்லியா?”

“இல்லைங்க. மாஸ்டர் அங்க மாட்டிக்கிட்டாரு.”

“பையன் திட்டுவான்மே.”

“அவன் இங்கயா இருக்கான்? வந்து கட்டுங்க, டைம் போவுது.”

அப்புறம்தான் உள்ளே வந்தார். வந்தவர் கை சும்மா இருக்குமா? நாற்காலியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். முளையை ஒரு உதை உதைத்தார். நாலு மூலையையும் இழுத்துக் கட்டினார். பிறகு நாற்காலிமேல் முட்டியை ஊன்றிக்கொண்டு என் தொடை பெல்ட்டை இழுத்தார் பார், எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

“ஏங்க, ரொம்ப டைட்டா இருக்கு!”

“டைட்டா கீறதுக்குத்தானேமே கட்றது. ஃபிரிட்ஜ் ஏத்தினா நான் இப்டித்தான் கட்டுவேன். லோடு ஆடுச்சின்னா பல்லாவரம் பாலத்துலயே கவுந்துக்கும். ஆடாம குந்து.”

வலிக்கிறதா என்று கேட்கவே இல்லை. அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. புண் வந்த காலத்தில் அவர் வெளியூர் லோடு அடித்துக்கொண்டிருந்தார், அந்தக் கதையெல்லாம் அவர் மண்டையில் இல்லை. கட்டிமுடித்தார், வெளியே போனார், வேலிப் பக்கம் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு பீடியைத் தேடினார். நடுவர் கையைக் காட்டினார். நான் குண்டைக் கழுத்தில் வைத்தேன்.

பிரபு, என்ன நடந்தது என்று எனக்கு முதலில் புரியவில்லை. நான் எப்போதும்போலத்தான் தள்ளினேன். இடுப்பு அசையவில்லை. எழும்ப வேண்டும் என்று அது நினைத்தாலும் எழும்ப இடமில்லை. வழியில் எங்கும் சிந்தாமல் அத்தனை பலமும் நேராகக் கைக்குப் போனது. வெள்ளைக் கொடி. அடுத்தது வெள்ளைக் கொடி. உட்கார்ந்து எறிகிற எங்களுக்கு எல்லா எறியும் ஒரே மூச்சில், அடுத்தடுத்து. யோசிக்க நேரமில்லாமல் எறிந்துகொண்டே இருந்தேன். மூன்றாவது எறி ஏழு மீட்டர் கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி விழுந்தது. விழுந்த இடத்தில் மண் தெறித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓட்டப் பந்தயத்திலிருந்து ஓடிவந்த தேவா மாஸ்டர், “அக்கா! உக்காந்தே இருந்தீங்க அக்கா!” என்று கத்தினார். ஐம்பதை நெருங்குகிறவளைப் பார்த்து, உட்கார்ந்தே இருந்தாய் என்று ஒரு ஆள் சந்தோஷத்தில் அழுவதை நீ பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பெல்ட் இருந்த இடத்தில் பார்த்தால் சிவப்பாக ஒரு கோடு. உன் அப்பாவுக்கு முகமே செத்துவிட்டது. “அய்யய்யோ, கோடு போட்டுகினு கீதேமே! அதுக்குத்தான் அவன் வராதன்னான்” என்று தேங்காய் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாயந்திரம் டீ போடுவதற்குள் கோடு மறைந்துவிட்டது. அந்த ஸ்பான்ஜுக்கு ஸ்டெல்லாவைக் கும்பிட வேண்டும். அப்போதுதான் நீ போன் செய்தாய். மாஸ்டர் உனக்கு முன்பே சொல்லியிருக்கிறார், அப்பா கட்டினார் என்று. நீ என்ன கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? “கால் பாத்தியாமா? பெல்ட்ட எந்த ஓட்டையில போட்டாரு?” பின்னாலிருந்து சுகன்யா, “எவ்ளோ தூரம்னு கேளுங்க!” என்று கத்தினாள். அதற்கப்புறம்தான் அதைக் கேட்டாய். நானும் எதுவும் விளக்காமல், “எங்கயோ போட்டாருடா” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் பெல்ட்டைத் துடைக்கும்போது பார்த்தேன். மூன்றாவது ஓட்டை தேய்ந்து நீண்டு முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. நாலாவது ஓட்டை அப்போதுதான் போட்டது போலப் புதிதாக இருந்தது. அதன் ஓரத்தில் மட்டும் ஒரு பிசிறு, முந்தின நாள் உன் அப்பா பெல்ட் கொக்கியைக் குத்தி நுழைத்தபோது வந்தது. இத்தனை வருஷமும் நீ என்னை ஒரு ஓட்டை தளர்வாகவே கட்டியிருக்கிறாய். அந்த நர்ஸ் கத்திய நாளிலிருந்து. எனக்குக் கிடைத்த சிவப்புக் கொடிகளில் எத்தனை அந்த ஒரு ஓட்டைக்கு உரியவை என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, எண்ணாமல் விட்டுவிட்டேன். பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். கோபத்தில் இல்லை. மெடல் போனதற்கும் இல்லை. ஒரு பிள்ளை பயந்துபோய், அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல், இவ்வளவு பெரிய ஆளான பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறானே என்றுதான்.

இதில் என் பங்கும் உண்டு. நீ “வலிக்குதாமா” என்று கேட்கும்போதெல்லாம் நான் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கொடுப்பேனே, அது பாதி நாள் சும்மா. ஸ்பான்ஜ் வந்த பிறகு வலியே கிடையாது. நீ பதறுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. பெரிய பையனாகிவிட்டாய், ஆபீஸ், பைக், சிநேகிதர்கள் என்று ஆகிவிட்டாய், என்னிடம் உட்கார்ந்து பேச உனக்கு நேரம் ஏது? அந்த ஒரு நிமிஷம் மட்டும் நீ முழுசாக என்னுடைய பிள்ளையாக இருப்பாய். அதற்காக ‘ஸ்ஸ்’ என்பேன். அதைக் கேட்டு நீ நாலாவது ஓட்டை பக்கமே போகவில்லை. நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் என்னை எழும்பவைத்திருக்கிறோம்.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், நீ எல்லோரையும் இப்படித்தான் கட்டுகிறாய். சுகன்யா ஸ்கூட்டர் ஓட்டுவாள், ஓ.எம்.ஆர். டிராஃபிக்கை நினைத்து உனக்குப் பயம், அதனால் நீயே கொண்டுபோய் விடுகிறாய். அவள் வேலைக்கு இன்டர்வியூ போனால் கீழே வண்டியில் உட்கார்ந்திருக்கிறாய். அவளுக்கு எது வலிக்கும் என்று உனக்கு அத்துப்படி. எது வேண்டும் என்று கேட்டாயா? அன்றைக்குக் கடைக்கு வந்தவள் சண்முகம் ரோட்டில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி, என் பேப்பர் பண்டலுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தாம்பரத்து வெயிலில் ஸ்வெட்டர் எங்கே கிடைத்தது என்று என்னைக் கேட்காதே. நல்ல கத்திரிப்பூ நிறம். தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறேன். உனக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால் அதை அவளிடம் நேராகச் சொல். என்னைக் குறுக்கே நிறுத்தாதே.

நான் எறிவதை நிறுத்தப்போவதில்லை. மாநில அணியில் என் பெயர் வந்துவிட்டது, நேற்று மாஸ்டர் சொன்னார், உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். தேசியப் போட்டி வடக்கே எங்கோ. உன் அப்பா கூட வருகிறார். அவருக்கு இப்போதே தலைகால் புரியவில்லை. லாரியை ஒரு வாரம் யாரிடம் விடுவது, அந்த ஊரில் இட்லி கிடைக்குமா, இந்திக்காரனிடம் முளையை இன்னும் ஆழமாக அடி என்று எப்படிச் சொல்வது, எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். “உன் புள்ள ஒண்ணும் சொல்ல மாட்டானே?” என்று நேற்றிலிருந்து பத்துத் தடவை கேட்டுவிட்டார். நீ ஒரு வார்த்தை அவரிடம் பேசிவிடு. மெத்தையைத் தொடக் கூடாது என்ற சட்டம் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெரிய வீராங்கனை மாதிரி எழுதிவிட்டு ராத்திரி விழித்துக்கொண்டு கிடப்பேன். நீ இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடிக்கப்போவதில்லை. பெல்ட் கட்ட ஆள் கிடைத்துவிட்டது. கட்டிமுடித்து உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாயே, அதற்கு ஆள் இல்லை. உன் அப்பாவிடம் சொல்லலாம், அவர் கை லோடு தூக்குகிற கை, தட்டினால் தலை தாங்காது. அதனால் அது இல்லாமலே எறியப் பழகிக்கொள்வேன். அழுதுகொண்டே எறிந்தாலும் குண்டு போகும் தூரம் போகும், இடுப்பு மட்டும் எழும்பக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வா. சுகன்யாவையும் அழைத்து வா. திங்கட்கிழமை பதில் சொல்லும் முன் எனக்காக ஒரு காரியம் செய். அப்பா நாலு மூலையையும் கட்டட்டும், என் பெல்ட்டை நீ கட்டு. நாலாவது ஓட்டையில் மாட்டு. நான் பழக்க தோஷத்தில் ‘ஸ்ஸ்’ என்பேன், காதில் வாங்காதே. இழுத்து மாட்டு. தலையில் ஒரு தட்டுத் தட்டு. பிறகு எழுந்து கோட்டுக்கு வெளியே போ. நீ உள்ளே நிற்கும்வரை மாஸ்டர் என்னை எறிய விடமாட்டார், சட்டம் அப்படி. வெளியே போய் சுகன்யா பக்கத்தில் நின்று திரும்பிப் பார். நான் எறிந்து முடித்ததும் கால் வலிக்கிறதா என்று கேட்காதே. எவ்வளவு தூரம் என்று கேள்.

அம்மா